பள்ளிவாசலுக்குள் விருந்தினராக: இஸ்லாமியப் புனிதத் தலங்களைக் காணச் செல்வோருக்கு முழுமையான வழிகாட்டி

பெரிய பள்ளிவாசல் ஒன்றின் தொழுகைக் கூடத்தில் விரித்திருக்கும் கம்பளத்தைக் குனிந்து பார்த்தால், ஏறத்தாழ நான்கடிக்கு ஒன்றாகக் குறுக்குக் கோடுகள் ஓடுவது தெரியும். அவை அழகுக்காக நெய்த கோடுகள் அல்ல. தொழ வந்தவர்கள் தோளோடு தோள் சேர்த்து வரிசை பிடிப்பதற்கான அடையாளங்கள் அவை. ஒரு கோட்டில் காலூன்றி நிற்பவரின் நெற்றி, அடுத்த கோட்டுக்குச் சற்று இப்பால் தரையைத் தொடும். நாளுக்கு ஐந்து வேளை மனிதர்களின் நெற்றி படுகின்ற தரை அது என்பதை மனத்தில் ஏற்றிக்கொண்டால், சுற்றுலாப் பயணி ஒருவர் அங்கே கடைப்பிடிக்க வேண்டியவற்றில் பெரும்பகுதி தானாகவே விளங்கிவிடும். எப்போது போவது, எங்கே நிற்பது, யார் முன்னால் நடக்கக் கூடாது, செல்பேசியை எப்போது பைக்குள் வைப்பது ஆகிய எல்லாக் கேள்விகளுக்கும் தொழுகையின் நேரம், திசை, தரை ஆகிய மூன்றிலிருந்தே விடை கிடைக்கிறது.

இந்த வழிகாட்டி, முஸ்லிம் அல்லாதவராக இருந்து, மரியாதையோடும் ஆர்வத்தோடும் இத்தலங்களைக் காண விரும்புவோருக்காக எழுதப்படுகிறது. ஹஜ், உம்ரா ஆகிய புனிதப் பயணங்களை மேற்கொள்வோருக்குரிய விதிமுறைகள் முற்றிலும் வேறு. அவை இங்கே இடம்பெறவில்லை.

முதல் படி: நுழைய அனுமதி உண்டா என்று அறிந்துகொள்ளுதல்

எல்லாப் புனிதத் தலங்களும் எல்லோருக்கும் திறந்தவை அல்ல என்பதைப் பயணச்சீட்டு எடுப்பதற்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டும். மக்கா நகருக்குள் முஸ்லிம் அல்லாதவர்கள் நுழைய முடியாது. நகரை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையிலேயே எல்லையைக் குறிக்கும் பலகைகள் நிற்கின்றன. மதீனாவில் நபியின் பள்ளிவாசலைச் சூழ்ந்த, ஹரம் எனப்படும் புனித எல்லைக்கும் இதே கட்டுப்பாடு உண்டு. சவூதி அரேபியா 2019-ஆம் ஆண்டு சுற்றுலா விசா வழங்கத் தொடங்கிய பின்னரும் இந்த விதி மாறவில்லை. ஓட்டுநர் ஒருவர் ‘பார்த்துக்கொள்ளலாம், வாருங்கள்’ என்று சொன்னாலும் அதை நம்பிப் போகக் கூடாது. விதியை மீறிப் பார்த்த காட்சி எதுவாயினும், அது நம்மை வரவேற்காத வீட்டில் சாளரம் வழியாக எட்டிப் பார்த்ததற்கே சமம்.

ஜெருசலேமின் ஹரம் அல்-ஷரீஃப் வளாகத்தில் நிலைமை வேறு. கி.பி. 691–692-இல் உமையா கலீஃபா அப்துல் மலிக் கட்டி முடித்த பாறைக் குவிமாடமும், அதன் தெற்கே அல்-அக்ஸா தொழுகைக் கூடமும் உள்ள அந்தப் பரந்த வளாகத்துக்குள் முஸ்லிம் அல்லாத பயணிகள் மகாரிபா வாயில் வழியாக மட்டுமே நுழையலாம். ஞாயிறு முதல் வியாழன் வரை, காலையிலும் நண்பகலை ஒட்டியும் குறுகிய நேரம்தான் அந்த வாயில் திறந்திருக்கும். வெள்ளியும் சனியும் நுழைவு இல்லை. வளாகத்தில் நடக்கலாமே தவிர, 2000-ஆம் ஆண்டுக்குப் பிறகு கட்டடங்களின் உட்புறம் பயணிகளுக்குத் திறக்கப்படுவதில்லை. பிற சமய நூல்களையும் வழிபாட்டுப் பொருள்களையும் சோதனைச் சாவடியில் தடுத்துவிடுவார்கள்; ஆகவே அவற்றை விடுதியிலேயே வைத்துவிட்டு வருவது நல்லது. பதற்றமான நாள்களில் முன்னறிவிப்பின்றியும் வாயில் மூடப்படும் என்பதால், இந்தத் தலத்தைப் பயணத்தின் கடைசி நாளுக்கு ஒதுக்காமல் முதல் நாள்களிலேயே வைத்துக்கொள்ளுமாறு அழுத்திச் சொல்வேன்.

மொராக்கோவில் பெரும்பாலான பள்ளிவாசல்களுக்குள் முஸ்லிம் அல்லாதவர்கள் செல்ல முடியாது. 1993-இல் திறக்கப்பட்ட காசாபிளாங்காவின் இரண்டாம் ஹசன் பள்ளிவாசல் இதற்கு விதிவிலக்கு. அங்கும் கட்டணம் செலுத்தி, வழிகாட்டியுடன் குழுவாகத்தான் செல்ல வேண்டும். இஸ்தான்புல்லின் அயா சோஃபியா, 537-இல் தேவாலயமாகத் திறக்கப்பட்டு, 1453-இல் பள்ளிவாசலாகி, 1930-களில் அருங்காட்சியகமாக மாற்றப்பட்டு, 2020 ஜூலையில் மீண்டும் பள்ளிவாசலானது. 2024 ஜனவரி முதல் அயல்நாட்டுப் பயணிகள் தனி வாயில் வழியாகக் கட்டணம் செலுத்தி மேல்மாடத்துக்குச் செல்கிறார்கள். கீழ்த்தளம் தொழ வருவோருக்கு உரியது. அபுதாபியின் ஷேக் சாயித் பெரிய பள்ளிவாசல் எல்லாச் சமயத்தவரையும் கட்டணமின்றி வரவேற்கிறது. ஆனால் இணையத்தில் முன்பதிவு செய்துகொண்டு போக வேண்டும். விதிமுறை நாட்டுக்கு நாடு மட்டுமன்றி ஆண்டுக்கு ஆண்டும் மாறுவதால், புறப்படுவதற்கு முந்தைய வாரம் அந்தத் தலத்தின் அதிகாரப்பூர்வ அறிவிப்பை ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

இரண்டாம் படி: தொழுகை நேரத்தைக் கொண்டு நாளைத் திட்டமிடுதல்

பயணிகள் மிகுதியாகத் தவறுவது இங்கேதான். ஐந்து வேளைத் தொழுகையும் கடிகாரத்தின் மணியைப் பின்பற்றுவதில்லை, சூரியனைப் பின்பற்றுகிறது. சுப்ஹு, கிழக்கு வெளுக்கும் வேளைக்கும் சூரிய உதயத்துக்கும் இடையில் அமைகிறது. லுஹர், சூரியன் உச்சி சாய்ந்தவுடன் தொடங்குகிறது. அஸர், பொருள்களின் நிழல் நீளும் பிற்பகலில். மக்ரிப், சூரியன் மறைந்தவுடன். இஷா, அந்திச் செம்மை முற்றிலும் மறைந்த பின். எனவே ஒரே நகரத்தில் கோடைக்கும் குளிர்காலத்துக்கும் நேரங்கள் மணிக்கணக்கில் வேறுபடும். ஆறு மாதங்களுக்கு முன் ஒருவர் எழுதி வைத்த பயணக் குறிப்பை நம்பாமல், அந்நகரின் அன்றைய தொழுகை நேரத்தைச் செல்பேசிச் செயலியிலோ பள்ளிவாசலின் வாயில் பலகையிலோ பார்த்துக்கொள்ள வேண்டும்.

இந்த வரிசையைக் கவனித்தால் பயணிக்குரிய பொன்னான நேரம் எது என்பது புலப்படும். சூரிய உதயத்துக்கும் உச்சி வேளைக்கும் இடையில் கடமையான தொழுகை எதுவும் இல்லை. நாளின் பகற்பொழுதில் மிக நீண்ட இடைவெளி அதுவே. காலை ஒன்பது மணியளவில் சென்றால் கூட்டம் குறைவாக இருக்கும், கீழ்வானத்திலிருந்து வரும் வெளிச்சம் சாளரங்கள் வழியே சாய்ந்து விழும், யாருடைய வழிபாட்டுக்கும் இடையூறாக இருக்கிறோமோ என்ற அச்சமும் இராது. அடுத்த நல்ல நேரம் லுஹருக்கும் அஸருக்கும் இடைப்பட்டது. மக்ரிபுக்கும் இஷாவுக்கும் இடையிலுள்ள நேரம் குறுகியது, பலர் அங்கேயே அமர்ந்து ஓதிக்கொண்டிருப்பார்கள். அப்போது முற்றத்தில் நின்று விளக்கொளியில் கட்டடத்தைப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்வதே முறை.

உள்ளே இருக்கும்போது தொழுகைக்கான அழைப்பாகிய பாங்கு ஒலிக்கத் தொடங்கினால் பதற்றப்பட வேண்டியதில்லை. பாங்குக்கும், வரிசை பிடித்துத் தொழுகை தொடங்குவதற்கு அடையாளமான இகாமத்துக்கும் நடுவே பொதுவாகச் சில நிமிடங்கள் இருக்கும். மக்ரிபில் மட்டும் அது மிகவும் குறைவு. அந்த நேரத்துக்குள் அமைதியாக வெளியேறிவிடலாம். சில பள்ளிவாசல்களில், பின்புறம் அமர்ந்து பார்க்க விரும்பினால் இசைவு தருவார்கள். கேட்டுவிட்டு அமர வேண்டும். கூட்டுத் தொழுகை பெரும்பாலும் கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். நூற்றுக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் குனிந்து நிமிரும்போது எழும் ஆடைகளின் சலசலப்பையும், அதைத் தொடர்ந்து எல்லோர் நெற்றியும் தரையில் இருக்கும் கணத்தில் கூடம் முழுவதையும் நிறைக்கும் மௌனத்தையும் கேட்டவர்களுக்கு, அந்தக் கூரை ஏன் அத்தனை உயரத்தில் எழுப்பப்பட்டது என்பது எந்தக் கையேடும் இல்லாமலே புரியும்.

வெள்ளிக்கிழமை நண்பகல் ஜும்ஆ தொழுகைக்கு முன் குத்பா எனப்படும் பேருரை நடைபெறும். அன்று முற்பகல் முழுவதையும் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிடுவதே எளிது; இஸ்தான்புல்லின் நீலப் பள்ளிவாசல், அதாவது சுல்தான் அகமது பள்ளிவாசல், வெள்ளியன்று பயணிகளுக்குப் பிற்பகலில்தான் திறக்கிறது. இஸ்லாமிய ஆண்டு 354 அல்லது 355 நாள் கொண்டது என்பதால், ரமலானும் இரு பெருநாள்களும் ஒவ்வோர் ஆண்டும் ஏறத்தாழ 11 நாள் முன்னதாக வருகின்றன. 2030-ஆம் ஆண்டில் ஜனவரியில் ஒரு முறையும் டிசம்பர் இறுதியில் மறுமுறையுமாக ரமலான் தொடங்கும். பிறை தென்படுவதைப் பொறுத்துத் தேதி ஒரு நாள் தள்ளியும் போகலாம். ரமலான் மாதத்தில் பகலில் பள்ளிவாசல் முற்றத்தில் தண்ணீர் கூடக் குடிக்காமல் இருப்பது, சுற்றிலும் நோன்பிருப்பவர்களுக்கு நாம் தரும் மதிப்பு. மாலையில் நோன்பு திறக்கும் வேளையில் யாரேனும் பேரீச்சம்பழம் நீட்டினால் வலக்கையால் வாங்கிக்கொள்ளுங்கள். மறுத்தால் அவர் மனம் நோகும்.

மூன்றாம் படி: உடை

இதில் அதிகம் ஆராய வேண்டியதில்லை. ஆண், பெண் இருவருக்கும் மணிக்கட்டும் கணுக்காலும் வரை மறைக்கும், உடலைப் பிடிக்காத, ஒளி ஊடுருவாத ஆடை எங்கும் பொருந்தும். பெண்கள் தலைமுடியை முழுவதும் மறைக்கும் அளவுக்கு அகலமான துப்பட்டா ஒன்றைப் பையில் எப்போதும் வைத்திருக்க வேண்டும். வழுக்கும் பட்டுத் துணியைவிடப் பருத்தியே தலையில் நிற்கும். நிமிர்ந்து குவிமாடத்தைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் முக்காடு நழுவுவதும், அதைச் சரிசெய்வதிலேயே நேரம் போவதும் பலருக்கு நேரும் தொல்லை. தர்காக்கள் பலவற்றில் ஆண்களும் தலையை மறைக்க வேண்டும், அதற்குத் தொப்பியோ கைக்குட்டையோ போதும். சிங்கப்பூரின் சுல்தான் பள்ளிவாசல் போன்ற இடங்களில் மேலங்கி இரவல் தருகிறார்கள். ஆயினும் அதையே நம்பிச் செல்வதைவிட, அந்த இடத்துக்காக ஆயத்தமாகி வந்தவராக வாசலில் நிற்பது நல்ல தொடக்கமாக அமையும்.

நான்காம் படி: வாசலும் தரையும்

காலணியைக் கழற்றும் இடம் பெரும்பாலும் ஒரு மரத்தடுப்பாலோ, கம்பளத்தின் விளிம்பாலோ, ஒரு படியாலோ குறிக்கப்பட்டிருக்கும். காலணியோடு விளிம்பை மிதிக்கவும் கூடாது; காலணியைக் கழற்றிய பாதத்தை மீண்டும் வெளித்தரையில் வைத்துவிட்டுக் கம்பளத்தில் ஏறவும் கூடாது. ஒரு காலின் காலணியைக் கழற்றி அந்தப் பாதத்தை நேரே விரிப்பின் மேல் வைத்து, பின்னர் மறுகாலின் காலணியைக் கழற்றுவதே அங்குள்ளவர்கள் செய்யும் முறை. சற்று நின்று இரண்டு பேர் நுழைவதைப் பார்த்தால் போதும், கைவந்துவிடும். காலணியைக் கையில் எடுத்துச் செல்ல நேர்ந்தால், அடிப்பாகங்களை ஒன்றோடொன்று சேர்த்துப் பையில் இட்டு வைக்க வேண்டும். தூய காலுறை அணிந்து செல்வது நமக்கும் நல்லது, கம்பளத்துக்கும் நல்லது.

தொழுபவர், ஸஜ்தா எனப்படும் சிரவணக்கத்தில் நெற்றியையும் மூக்கையும், இரு உள்ளங்கைகளையும், இரு முழங்கால்களையும், இரு பாதங்களின் விரல்களையும் தரையில் பதிக்கிறார். இவ்வளவு நுட்பமாகத் தரையின் தூய்மை பேணப்படுவதன் காரணம் இதுவே. தொழுகைக்கு முன் ஒளு எனப்படும் கைகால் கழுவும் தூய்மையைச் செய்யும் நீர்க்குழாய்கள் அருகே கூட்டம் இருக்கும்போது அங்கே நின்று வேடிக்கை பார்ப்பதையும் படம் எடுப்பதையும் தவிர்க்க வேண்டும். பலரும் கையையும் காலையும் திறந்து கழுவிக்கொண்டிருக்கும் அந்தரங்கமான நேரம் அது.

ஐந்தாம் படி: திசையறிந்து நடத்தல்

உள்ளே நுழைந்ததும் முதலில் தேட வேண்டியது மிஹ்ராப் எனப்படும் மாடம். மக்காவிலுள்ள கஅபாவின் திசையான கிப்லாவை அது காட்டுகிறது. அதற்கு அருகே படிகளோடு உயர்ந்து நிற்பது, தொழுகையை நடத்தும் இமாம் குத்பா நிகழ்த்தும் மிம்பர். கூடத்தின் ‘முன்புறம்’ எது என்பது இவற்றைக் கொண்டே தீர்மானமாகும். திசையின் வலிமையை அறிய அயா சோஃபியாவின் மேல்மாடத்திலிருந்து பார்ப்பதைவிடச் சிறந்த பாடம் இல்லை: அந்தக் கட்டடம் கிழக்கு நோக்கிய தேவாலயமாகக் கட்டப்பட்டது, கஅபாவோ இஸ்தான்புல்லுக்குத் தென்கிழக்கில் இருக்கிறது, ஆகவே மிஹ்ராப், கட்டடத்தின் நடு அச்சிலிருந்து விலகிச் சற்று வலப்புறமாக நிற்கிறது.

திசை தெரிந்துவிட்டால் மிக முக்கியமான விதியும் தெரிந்துவிடும். தனியாகத் தொழுதுகொண்டிருப்பவரின் முன்னால், அவருக்கும் அவர் நெற்றி படும் இடத்துக்கும் நடுவே குறுக்கே நடக்கக் கூடாது. அப்படி நடப்பதன் பாவத்தை அறிந்தவர், நடப்பதைவிட நாற்பது காலம் காத்து நிற்பதையே விரும்புவார் என்று நபிமொழி சொல்கிறது. அந்த நாற்பது என்பது நாளா, மாதமா, ஆண்டா என்று தமக்கு நினைவில்லை என அறிவிப்பாளரே குறிப்பிட்டிருக்கிறார்.

இந்த விதியை நான் ஒரு சிறிய பள்ளிவாசலில் தவறு செய்தே கற்றேன். தூண் அருகே ஒரு முதியவர் தொழுதுகொண்டிருந்தார். அவருக்கு மூன்றடி முன்னால் தரையில் ஒரு துணிப்பை இருந்தது. சுவரில் பதித்த ஓடுகளைப் பார்க்கும் ஆவலில், அந்தப் பைக்கும் அவருக்கும் நடுவே போக அடி எடுத்து வைத்தேன். அவர் ஓதுவதை நிறுத்தவில்லை, பார்வையைத் தரையிலிருந்து எடுக்கவும் இல்லை. வலக்கையை மட்டும் மெல்ல நீட்டி என்னைத் தடுத்தார். தொழுகை முடிந்ததும் என்னை அருகே அழைத்து, பையைத் தொட்டுக் காட்டி, அதற்கு அப்பால் விரலால் ஒரு கோடு கிழித்து, ‘இந்தப் பக்கம் போகலாம்’ என்று சைகையால் சொன்னார். அவர் முகத்தில் கோபத்தின் சாயலே இல்லை. தொழுபவர் தமக்கு முன்னால் இவ்வாறு வைக்கும் பொருளுக்கு சுத்ரா என்று பெயர் என்பதைப் பின்னரே அறிந்தேன். தூண், சுவர், நாற்காலி என எதுவும் சுத்ராவாக அமையலாம். அன்றிலிருந்து எந்தப் பள்ளிவாசலுக்குள் நுழைந்தாலும், தொழுபவர்களின் முதுகுப் பக்கமாகவே, சுவரை ஒட்டி நடப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன்.

உட்காரும்போது காலை நீட்டி, பாதத்தின் அடிப்பகுதி கிப்லாவையோ பிறரையோ நோக்குமாறு வைக்காமல், மடக்கி அமர வேண்டும். பலகையில் வைத்திருக்கும் குர்ஆன் பிரதிகளைக் கேட்காமல் எடுக்க வேண்டாம். யாரேனும் கையில் கொடுத்தால் அதைத் தரையில் வைக்கக் கூடாது. பெண்கள் தொழும் பகுதி பின்புறத்திலோ மேல்மாடத்திலோ திரைக்கு அப்பாலோ இருக்கும். ஆண் பயணிகள் அந்தப் பக்கம் செல்லக் கூடாது, எட்டிப் பார்க்கவும் கூடாது. எதிர்பாலினத்தவர் தாமே கை நீட்டினாலன்றிக் கைகுலுக்க முற்படாமல், நெஞ்சில் கை வைத்து வணக்கம் தெரிவிப்பது எல்லா நாட்டிலும் ஏற்கப்படும்.

ஆறாம் படி: பார்க்கக் கற்றல்

உருவங்கள் இல்லாத இடத்தில் கண்ணுக்கு என்ன வேலை என்று முதல் முறை செல்பவர் திகைக்கலாம். எழுத்திலிருந்து தொடங்குங்கள். அபுதாபியின் ஷேக் சாயித் பள்ளிவாசலில் கிப்லாச் சுவர் முழுவதும் இறைவனின் 99 பெயர்கள் மலர்க்கொடிகளுக்கு நடுவே கூஃபி என்னும் அரபு எழுத்து வடிவில் பொறிக்கப்பட்டுள்ளன. அதே கூடத்தின் தரையில், ஈரானிய நெசவாளர்கள் ஏறத்தாழ 1,200 பேர் கையால் முடிச்சிட்ட 5,627 சதுர மீட்டர் கம்பளம் விரிந்திருக்கிறது. அதில் வண்ணக் கோடுகளால் வரிசைகளைக் காட்டினால் பூவேலையின் அழகு கெடும் என்பதால், இழைகளைச் சீவி உயர வேறுபாடு ஏற்படுத்தி, கூர்ந்து பார்த்தால் மட்டுமே தெரியும்படி வரிசைகளை அமைத்திருக்கிறார்கள். பெரும்பாலான பயணிகள் சரவிளக்கை அண்ணாந்து பார்த்தபடியே கடந்துவிடுகிறார்கள். நீங்கள் ஒரு நிமிடம் கீழே பாருங்கள்.

சிங்கப்பூரின் சுல்தான் பள்ளிவாசலில் பொன்னிறக் குவிமாடத்தின் அடியில் கருநிறப் பட்டை ஒன்று சுற்றி ஓடும். அது கண்ணாடிப் புட்டிகளின் அடிப்பாகங்களை அடுக்கிச் செய்தது. இப்போதைய கட்டடம் 1932-இல் முடிவடைந்தது; கட்டுமானத்தின்போது, பணம் கொடுக்க வசதியில்லாத ஏழைகளும் பங்கேற்றோம் என்று சொல்ல முடிய வேண்டும் என்பதற்காக அவர்களிடமிருந்து புட்டிகள் பெறப்பட்டன. ஒரு தலத்தைப் பார்க்கும்போது யார் கட்டினார் என்பதோடு நில்லாமல், யாருடைய கை அதில் இருக்கிறது என்றும் தேடிப் பார்க்க எனக்குக் கற்றுத் தந்தது அந்தப் பட்டைதான்.

ஏழாம் படி: படம் எடுப்பது

கட்டடத்தை எடுக்கலாம், மனிதரை எடுக்கக் கேட்க வேண்டும், தொழுபவரை எடுக்கவே வேண்டாம். பின்னாலிருந்து எடுத்தால் முகம் தெரியாதே என்பது சரியான சமாதானம் அன்று, ஸஜ்தாவில் இருப்பவருக்கு உங்களை மறுக்கும் வாய்ப்பே இல்லை. தொழுவதுபோல் நடித்துப் படம் எடுப்பதும், தோளில் கை போட்டு நிற்பதும், குதித்து எடுப்பதும் காவலர்கள் வந்து தடுக்கும் செயல்கள். சில நாள்களில், வழக்கமான தொழுகை முடிந்ததும், இறந்தவருக்கான ஜனாஸாத் தொழுகை நடக்கும். முற்றத்தில், இறந்தவரின் உடல் வைத்த பெட்டியான சந்தூக்கைச் சுற்றி மக்கள் நிற்பதைக் கண்டால், செல்பேசியை உள்ளே வைத்துவிட்டு ஒதுங்கி நிற்க வேண்டும்.

எட்டாம் படி: தர்காவுக்குச் செல்வோருக்கு

இறைநேசர் ஒருவரின் அடக்கத்தலமே தர்கா. பள்ளிவாசலின் ஒழுங்கும் அமைதியும் இங்கே அதே வடிவில் இருப்பதில்லை. அஜ்மீரில் 1236-இல் மறைந்த காஜா முயீனுத்தீன் சிஷ்தியின் தர்காவில் ரோஜா இதழ்களும், அடக்கத்தின் மேல் போர்த்தும் சாதரும், கவ்வாலி இசையும், எல்லாச் சமயத்து மக்களும் கலந்திருப்பார்கள். இஸ்லாமிய ஆண்டின் ரஜப் மாதத் தொடக்கத்தில் நடக்கும், உர்ஸ் எனப்படும் நினைவு விழா நாள்களில் நெரிசல் மிகக் கடுமையாக இருக்கும் என்பதால், முதல் முறை செல்பவர் வேறு மாதத்தைத் தேர்ந்தெடுப்பது நல்லது. கொன்யாவில் 1273-இல் மறைந்த மௌலானா ரூமியின் அடக்கத்தலமோ 1927 முதல் அருங்காட்சியகமாக உள்ளது. ஆயினும் அங்கே கண்ணீரோடு கையேந்தி நிற்பவர்களைக் காணலாம். அருங்காட்சியகம் என்ற பெயர்ப்பலகையைப் பார்த்துக் குரலை உயர்த்திவிடக் கூடாது.

பல தர்காக்களில் நிலைப்படியை மிதிக்காமல் தாண்டிச் செல்வதும், அடக்கத்துக்கு முதுகு காட்டாமல் பின்னடியெடுத்து வெளியேறுவதும் வழக்கம். காணிக்கை கேட்டு யாரேனும் அணுகினால், கொடுப்பது நம் விருப்பம். தொகையை முன்பே மனத்தில் முடிவு செய்து, உண்டியலில் இடுவதே குழப்பமற்ற வழி. தர்கா வழிபாட்டைப் பற்றி முஸ்லிம்களுக்குள்ளேயே ஆழ்ந்த கருத்து வேறுபாடுகள் உண்டு. அந்த விவாதத்தில் விருந்தினர் இறங்கக் கூடாது.

வெளியேறும்போது

முஸ்லிம்கள் பள்ளிவாசலுக்குள் வலக்காலை வைத்து நுழைந்து, இடக்காலை வைத்து வெளியே வருவார்கள்; பயணியும் அவ்வாறே செய்யலாம், கட்டாயமில்லை. புறப்படுவதற்கு முன், கூடத்தின் பின்சுவரை ஒட்டிப் பத்து நிமிடம் சும்மா அமர்ந்திருக்க நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள். தூணில் சாய்ந்து ஓதும் மாணவர், வேலைக்கு நடுவே வந்து கண்ணயர்ந்திருக்கும் தொழிலாளி, தாத்தாவின் விரலைப் பிடித்துக் கம்பளக் கோட்டின் மேல் அடி பிசகாமல் நடக்கும் குழந்தை எல்லோரும் அப்போதுதான் கண்ணில் படுவார்கள். இரவல் வாங்கிய மேலங்கியை மடித்துக் கொடுங்கள். காலணிகளைப் பார்த்துக்கொண்டவருக்கு ஸலாம் சொல்லுங்கள். ‘அஸ்ஸலாமு அலைக்கும்’ என்பதன் பொருள் ‘உங்கள் மீது சாந்தி உண்டாகட்டும்’ என்பதே, அதை யாரும் சொல்லலாம். பதிலுக்கு அவர் ‘வ அலைக்குமுஸ் ஸலாம்’ என்று சொல்லி முடிக்கும் வரை நின்று கேட்டுவிட்டுப் படி இறங்குங்கள்.